டீச்சர் லயத்துக்கு வரட்டும், யாருக்கும் பேர் வெட்டக் கூடாது



முதலாம் தவணை தொடங்கிச் சில வாரத்தில் தரம் ஒன்றுப் பிள்ளையின் கொப்பிக்குள் ஒரு துண்டுக் கடிதம் வரும். "பிள்ளையின் வீட்டுக்கு வந்து உங்களோடு கதைக்க விரும்புகிறேன், எந்த நாள் வசதி?" என்று வகுப்பு டீச்சர் கேட்டிருப்பார். எல்லாப் பாடசாலையிலும் இது நடப்பதில்லை. நடக்கும் இடங்களில், கடிதம் வந்த அன்று இரவே லயத்தில் பதற்றம் தொடங்கிவிடுகிறது. பக்கத்துக் காம்பராவில் பிளாஸ்டிக் கதிரை கேட்கிறார்கள். கடையில் கணக்கு எழுதிவிட்டு பிஸ்கட்டும் சோடாவும் எடுக்கிறார்கள். இஸ்தோப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு தேடுகிறார்கள். "டீச்சர் வார அன்னைக்கு மலைக்குப் போகல" என்று அம்மா ஒரு நாள் பேரை விட்டுவிடுகிறார். பிள்ளைக்கு வேறு பயம். "வரட்டும் உங்க டீச்சர், ஒன்னப் பத்தி எல்லாத்தையும் சொல்றேன்" என்று வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை மிரட்டியிருப்பார்கள்.

நான் கண்டி மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். சங்க வேலையும் செய்கிறேன். கடிதம் எழுதுகிறவர்களின் பக்கமும் தெரியும், அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுகிறவர்களின் பக்கமும் தெரியும். ஆகவே என் கருத்தை நேரடியாகவே சொல்கிறேன். டீச்சர் வீட்டுக்கு வருவது நல்லது. குழப்படி செய்கிற பிள்ளையின் வீட்டுக்கு மட்டுமென்று இல்லாமல், வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளையின் வீட்டுக்கும் வர வேண்டும். ஆனால் அதற்காக எந்தக் குடும்பமும் கடன்படக் கூடாது, எந்தத் தாய்க்கும் பேர் வெட்டப்படக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வது தோட்டக் கமிட்டியின் வேலை.

லயத்துக்கு யார் வரலாம்?

ஒரு காலத்தில் நம் லயத்துக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதைத் துரைதான் தீர்மானித்தார். தோட்டம் முழுவதும் தனியார் காணி. அனுமதி இல்லாமல் வெளியாள் வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். சங்கத்தார் உள்ளே வருவதைத் தடுக்க இந்தச் சட்டத்தைத்தான் கையில் எடுத்தார்கள். தொழிற்சங்கத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையை நேரில் பார்ப்பதற்குப் புடைவை வியாபாரியாக லயங்களுக்குள் போனார் என்பதை நம்மில் மூத்தவர்கள் கேட்டு வளர்ந்திருப்பார்கள். ஹேவாஹெட்டைப் பக்கம், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் 1940 ஜனவரி 10 அன்று பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் உயிர் விட்டார். நம் ஆட்கள் நம் வாசலுக்கு வந்து நம்மோடு பேசுவதற்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம்.

அந்தக் காலத்து வாத்தியாரும் துரையின் கையில்தான் இருந்தார். 1920ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகமே பாடசாலை நடத்த வேண்டும் என்றது. நிர்வாகம் ஒரு காம்பராவையும் ஒரு வாத்தியாரையும் ஒழுங்கு செய்தது, சம்பளத்தையும் அதுவே கொடுத்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் அரசு தனியார் பாடசாலைகளை எடுத்தது. தோட்டப் பாடசாலைகளோ அப்போதும் வெளியே நின்றன. அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. பாடசாலையிலிருந்து யாராவது லயத்துக்கு வந்தால் "என்ன விசாரணையோ" என்று பெரியவர்கள் இன்றும் எழுந்து நிற்பதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

இன்று டீச்சர் அரசாங்க உத்தியோகத்தர். அவர் உங்கள் வீட்டுக்கு வருவது ஆபீசுக்கும் உங்களுக்கும் இடையிலான விசயம் இல்லை. பல தோட்டங்களில் நம் கடிதம்கூட ஆபீசைச் சுற்றித்தான் வருகிறது. டீச்சரும் அப்படிச் சுற்றி வரத் தேவையில்லை. நீங்கள் "வாங்க" என்று சொன்னால் வரலாம். "இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் அடுத்த வாரம் வரலாம். அழைக்கும் உரிமை வீட்டுக்காரருடையது. பதற்றம் குறைய வேண்டும் என்றால் முதலில் இது மனதில் பதிய வேண்டும்.

வந்து என்ன பார்க்கப் போகிறார்?

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். தரம் இரண்டில் இருந்தான். காலை பத்து மணியானால் மேசையில் தலையை வைத்துத் தூங்கிவிடுவான். கணக்குப் பாடம் அந்த நேரத்தில்தான். "படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை" என்று அவனுடைய அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்ததில் விசயம் வேறாக இருந்தது. அப்பா கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார், வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அம்மா விடியக்காலையில் எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டும். நாலரைக்கெல்லாம் எழும்பிப் பீலியில் தண்ணி பிடித்து வைப்பது இவன்தான். தங்கச்சியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பாடசாலைக்கு நடந்து வருவதும் இவன்தான். பத்து மணிக்கு அவனுக்கு வந்தது வேலை செய்த மனிதனுக்கு வரும் களைப்பு.

அன்று அந்த வீட்டு இஸ்தோப்பில் அரை மணி நேரம் கதைத்ததில் இரண்டு காரியம் முடிந்தது. தங்கச்சியைத் தன் பிள்ளையோடு சேர்த்துக் கொண்டுபோய் விடுகிறேன் என்று பக்கத்துக் காம்பரா அக்கா ஏற்றுக்கொண்டார். வகுப்பில் கணக்குப் பாடம் முதல் பாடவேளைக்கு மாறியது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, ஒரு சதமும் செலவாகவில்லை.

டீச்சர் பார்க்க வருவது இதைத்தான். வகுப்பில் ஒரு பிள்ளையை ஐந்தாறு மணி நேரம் பார்க்கலாம். மிச்ச நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுகிறார்கள், எங்கே தூங்குகிறது, எந்த வழியாக நடந்து வருகிறது என்று தெரியாவிட்டால் அது ஏன் பேசவில்லை, ஏன் எழுதவில்லை என்பதும் தெரியாது. நம் தோட்டங்களில் நிறையப் பிள்ளைகள் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ வளர்கிறார்கள். அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருப்பார், அப்பா கொழும்பில் கடையில் நிற்பார். இந்த விபரத்தைப் பாடசாலைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள், பாடம் போனில் நடக்கும் என்றார்கள். நம் மலைகளில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றார்கள். பல வீட்டில் அந்தப் போனும் இல்லை. அப்போது பல டீச்சர்மார் பயிற்சித் தாளைப் பிரதி எடுத்து லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மேலிடத்தில் இருந்து உத்தரவு வரும் வரை காத்திருந்து செய்த வேலை இல்லை அது. எந்தப் பிள்ளை எந்தக் காம்பராவில் இருக்கிறது என்று தெரிந்த டீச்சர்மாரால் அது முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2021 ஜூலையில், டயகமையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை ஒன்று தீக்காயத்தோடு வைத்தியசாலையில் இறந்தது. மலையகம் முழுவதும் தெருவில் இறங்கினோம். சட்டப்படி 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். வேலைக்கு வைக்கும் குறைந்த வயதையும் அதே 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். ஆனால் ஒரு பிள்ளை ஒரே நாளில் பாடசாலையை விட்டுப் போய்விடுவதில்லை. தரம் ஒன்றில் வாரத்துக்கு ஒரு நாள் வராது. தரம் மூன்றில் இரண்டு நாள் வராது. எழுத்துப் பிடிபடாமல் கடைசி வாங்குக்குப் போகும். பிறகு ஒரு தீபாவளிக்கு டவுனில் இருந்து ஒருவர் வந்து "வீட்டோட ஒரு பிள்ளை வேணும்" என்பார். அவர் வீட்டுக்கு வருவதற்குப் பத்து வருசம் முந்தி டீச்சர் வந்திருக்க வேண்டும்.

என்ன தயார் செய்வது?

முதலில், எதைத் தயார் செய்ய வேண்டாம் என்று சொல்கிறேன். கதிரை கேட்டு அலைய வேண்டாம். பாய் விரித்தால் போதும், இஸ்தோப்புத் திண்ணையும் போதும். சுண்ணாம்பு வேண்டாம். பிஸ்கட், சோடா வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருக்கிறதே என்று நீங்கள் கூச வேண்டியதில்லை. லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்ட காலத்தில் இருந்து இந்த நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்கு இதைவிட நல்ல வீடு கட்டிக் கொடுக்காதவர்கள்தான் கூச வேண்டும்.

ஒரு தேத்தண்ணி கொடுங்கள். அது போதும். ஜப்பானிலும் டீச்சர்மார் வீடு வீடாகப் போகும் வழக்கம் உண்டு. அங்கே புது வகுப்பு தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் போவார்கள். வீட்டுக்காரர்கள் அங்கும் நம்மைப் போலவே துடைத்துக் கழுவிப் பலகாரம் வாங்கி வைக்கத் தொடங்கியதால், "தேநீரும் பலகாரமும் வேண்டாம்" என்று பாடசாலைகள் முன்கூட்டியே எழுதி அனுப்பும் அளவுக்குப் போனது. நம்மிடம் அந்தச் சட்டம் எடுபடாது. தேயிலை பறிக்கிற வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போன டீச்சரை அந்த லயம் பத்து வருசம் மறக்காது. ஏன் குடிக்கவில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லும், எந்தக் காரணமும் நல்லதாக இராது. ஆகவே கொடுப்பது உங்கள் பங்கு, குடிப்பது டீச்சரின் பங்கு. சீனி இல்லாவிட்டால் சாயமே போதும்.

அடுத்தது நேரம். உங்களுக்கு எப்போது வசதி என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்திக் கொழுந்து நிறுத்து முடித்து, கால் கழுவி, அடுப்பு மூட்டிய பிறகுதான் ஓய்வு என்றால் அதையே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, போயா நாள் நல்லது. சம்பள நாள் வேண்டாம், அன்று கடைக்கணக்கும் சீட்டுக்கணக்கும் தலையில் இருக்கும், சில வீட்டில் தவறணையும் குறுக்கே நிற்கும். அப்பா எந்த நேரத்தில் நிதானமாக இருப்பாரோ அந்த நேரத்தைச் சொல்வதில் வெட்கமில்லை. பிள்ளையை வளர்ப்பது அம்மாயி என்றால் அம்மாயிதான் முக்கியமான ஆள். "படிச்சவங்க வந்து கதைக்கட்டும்" என்று அவரைப் பின்னால் தள்ளி, மாமாவையோ சித்தப்பாவையோ முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

பிறகு பிள்ளை. டீச்சரைச் சொல்லி மிரட்டாதீர்கள். மிரட்டி வைத்த பிள்ளை டீச்சர் வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். "டீச்சர் நம்ம வீட்டுக்கு வாராங்க, நீ என்ன காட்டப் போற?" என்று கேளுங்கள். கோழிக்குஞ்சைக் காட்டலாம், தான் நட்ட ரோசாவைக் காட்டலாம், தம்பியைக் காட்டலாம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தன் வீட்டு வாசலில் நின்று கோழியின் குடும்பக் கதையை மூச்சு விடாமல் சொல்லும். மறுநாள் வகுப்பில் டீச்சர் "கோழிக்குஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்டால் அங்கேயும் வாய் திறக்கும்.

நீங்கள் சொல்ல வேண்டியவற்றை முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? எத்தனை மணிக்கு எழும்பி என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறது? யாரோடு நடந்து வருகிறது? வழியில் குளவிக்கூடு, வழுக்குப் பாறை, ஓடை உண்டா? இழுப்பு, காது வலி, கண் மங்கல் உண்டா? ரொட்டி சுடப் பார்த்துக் கற்றுக்கொண்டதா, பாட்டுப் பாடுமா, கணக்கு நன்றாக வருமா? எதற்குப் பயப்படும்? பிறப்புச் சான்றிதழில் ஏதும் சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இப்போது சொன்னால் சரிசெய்ய நேரம் உண்டு, பரீட்சை விண்ணப்பம் போடும் நேரத்தில் தெரிய வந்தால் ஓட்டம்தான்.

எழுத வாசிக்கத் தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள். கொப்பியில் எது சரி, எது பிழை என்று தெரியாமலே, பிள்ளை தினமும் உட்கார்ந்து எழுதியதா என்று பார்க்கும் வழியை டீச்சர் காட்டித் தருவார். "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்கும் அம்மாவுக்குப் படிப்பு அவசியமில்லை.

சொல்ல வேண்டாததும் இருக்கிறது. கடன் எவ்வளவு, மாமியாரோடு என்ன சண்டை, எந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் டீச்சருக்குத் தேவையில்லை. கேட்டாலும் "அது வேணாங்க டீச்சர்" என்று சொல்லலாம்.

நீங்களும் கேள்வி கேளுங்கள். என் பிள்ளை யாரோடு உட்காருகிறது? பேசுகிறதா? யாராவது அடிக்கிறார்களா, பட்டப்பெயர் சொல்கிறார்களா? மதியச் சாப்பாடு சாப்பிடுகிறதா? வீட்டில் பத்து நிமிடம் கிடைத்தால் என்ன செய்யலாம்? கேள்வி கேட்கும் பெற்றோரைக் கண்டால் நல்ல டீச்சருக்குச் சந்தோசம் வரும்.

கண்டியைச் சுற்றியுள்ள சில குடும்பங்கள், கிட்ட இருக்கிறது என்பதாலோ வேறு காரணத்தாலோ, பிள்ளையைச் சிங்கள மொழிப் பாடசாலைக்கு அனுப்புகின்றன. டீச்சருக்குத் தமிழ் வராது என்றால் லயத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரிய ஆள் ஒருவரைக் கூடவே உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிப் பெரியவர்கள் கதைப்பதைத் தானே மாற்றிச் சொல்லும் பாரத்தை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது.

டீச்சர்மாருக்கு நாலு வார்த்தை

இந்தப் பத்திரிகை டீச்சர்மார் கைக்கும் போகிறது. சொல்லாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். முடிந்தவரை இரண்டு பேராகப் போங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. வீட்டுக்குள் போட்டோ எடுக்காதீர்கள். யாருடைய வறுமையையும் பேஸ்புக்கில் போடாதீர்கள். அவர்கள் முன்னாலேயே கொப்பியை விரித்து எழுதாதீர்கள், அது பொலிஸ்காரர் வந்த மாதிரி இருக்கும். குறை சொல்வதற்கு என்று முதல் தடவை போகாதீர்கள். பார்த்ததைப் பாடசாலை ஓய்வறையில் கதையாக்காதீர்கள். ஒரு லயத்தில் நாலு பிள்ளை இருந்தால் நாலு வீட்டுக்கும் போங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் "அந்தப் பிள்ளைக்கு ஏதோ கோளாறு" என்று அந்திக்குள் மலை முழுக்கப் பரவிவிடும்.

இரண்டு ஆட்சேபனைகள்

நம் தலைவர்மார் சிலர், "டீச்சர் வந்து பார்த்துவிட்டுப் போய் ஆபீசில் சொன்னால்?" என்று கேட்கிறார்கள். பழைய காலம் அப்படி இருந்ததால் இது நியாயமான கேள்விதான். வீட்டில் பார்த்தது வகுப்பைத் தாண்டிப் போகக் கூடாது என்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபர் முன்னால் பேசி முடிவெடுத்து எழுதி வையுங்கள். பயந்து கதவை மூடினால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

டீச்சர்மார் சொல்வது வேறு. "எங்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், பஸ் காசும் எங்கள் கைக்காசு." இதுவும் நியாயம்தான். 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு எடுத்த உதவி ஆசிரியர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாதான் கொடுத்தார்கள், பிறகுதான் 10,000 ஆக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதே லயங்களின் பிள்ளைகள். தொழிலாளியின் பிள்ளைக்காகத் தொழிலாளி வீட்டு டீச்சரை இலவசமாக ஓட வைப்பதைச் சங்கம் ஆதரிக்க முடியாது.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சக்ரமென்டோ நகரத்தில், 1998இல் வருமானம் குறைந்த பகுதிகளில் வாழும் பெற்றோரின் அமைப்பும் ஆசிரியர் சங்கமும் கல்வி நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து வீட்டு வருகைக்கு ஒரு ஒழுங்கு செய்தன. போவதும் வரவேற்பதும் இரண்டு பக்கத்தாரின் விருப்பம். முன்கூட்டியே நேரம் பேச வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும். பிரச்சினைப் பிள்ளை என்று பொறுக்கி எடுத்துப் போகக் கூடாது. முதல் தடவை, பிள்ளையைப் பற்றிக் குடும்பத்துக்கு என்ன ஆசை என்று கேட்க வேண்டும். டீச்சரின் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மற்றப் பகுதிகளுக்கும் அது பரவியது. பெற்றோரும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கேட்டதால் நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கமிட்டி செய்ய வேண்டியது

2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று ஒவ்வொரு தடவையும் வருசக்கணக்கில் போராடித்தான் நாள் சம்பளத்தை உயர்த்தினோம். டீச்சர் அரை மணி நேரம் வந்து போவதற்காக ஒரு தாய் அந்த முழு நாளையும் இழக்கிறார் என்றால் அந்தப் படிப்பு இலவசம் இல்லை. ஒரு நாள் சம்பளத்தைக் கட்டணமாகக் கட்டுகிறார் என்றுதான் அர்த்தம்.

ஆகவே அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த நாலு விசயத்தையும் எடுத்துப் பேசுங்கள்.

முதலாவது, வேலை நேரத்தில் டீச்சர் வருவதைத் தவிர்க்க முடியாவிட்டால், அந்தத் தாயோ தகப்பனோ ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து போகப் பேர் வெட்டாமல் அனுமதிக்க வேண்டும். தோட்டம் கம்பனியிடம் இருந்தாலும், ஜனவசமவிடம் இருந்தாலும், அரச பெருந்தோட்ட யாக்கத்திடம் இருந்தாலும், தனியார் முதலாளியிடம் இருந்தாலும் துரையிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். வருசத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம்தான் கேட்கிறோம். கொழுந்து கெட்டுவிடாது.

இரண்டாவது, தரம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளின் பட்டியலைத் தோட்டத் தலைவர் வைத்திருக்க வேண்டும். டீச்சர் வரும் நாளைப் பாடசாலையோடு பேசி லயம் வாரியாகப் பிரித்துக்கொண்டால் ஒரே அந்தியில் மூன்று, நாலு வீடு முடியும். ஏறி இறங்கும் களைப்பும் குறையும். மழைக் காலத்தில் டீச்சரை ரோட்டு வரைக்கும் டோர்ச் லைட்டோடு கொண்டுபோய் விட ஒரு இளைஞரைப் போடுங்கள்.

மூன்றாவது, வீட்டு வருகையை டீச்சரின் கடமை நேரமாகக் கணக்கிட்டுப் போக்குவரத்துச் செலவைக் கொடுக்க வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்க வேண்டும். இதில் நாமும் ஆசிரியர் சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடலாம்.

நாலாவது, மாதர் அணி அக்காமார் புதிதாகக் கடிதம் வந்த வீடுகளுக்கு ஒரு நாள் முந்திப் போய், மேலே எழுதியதை வாசித்துச் சொல்ல வேண்டும். கதிரை தேடுகிற கையைப் பிடித்து உட்கார வைத்து, "நாளைக்குப் பிள்ளையப் பத்தி டீச்சர்கிட்ட என்ன சொல்லப் போற?" என்று கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாத வீட்டுக்கு இந்தப் பத்திரிகை அப்படித்தான் போய்ச் சேரும்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து, நம் முன்னோர் வந்து 200 வருசம் ஆனதை நாட்டுக்கு நினைவூட்டினோம். அந்த 200 வருசத்தில் நம்மைத் தேடி லயத்துக்கு வந்தவர்களில் அனேகர் எதையாவது வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள். வாக்குக் கேட்டு வந்தார்கள், வட்டிக்காசு கேட்டு வந்தார்கள், வீட்டு வேலைக்குப் பிள்ளை கேட்டு வந்தார்கள். டீச்சர் உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வருகிறார். அந்தப் பிள்ளையை உங்களைவிட அதிகமாகத் தெரிந்தவர் யாருமில்லை. எழும்பி நிற்காமல், உட்கார்ந்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொல்லுங்கள். பேரை வெட்டினால் அடுத்த நாளே சங்கத்துக்கு அறிவியுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.